அக்காவின் கொடியும் ஒரு சொட்டுத் திராவகமும்

பத்தாவதோடு நின்றவன் நான். ரசவாதத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடினால் வாய் திறக்காத எனக்கு இதை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கோவையில் நகைகளுக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்கிறேன். போன ஆடியில் காங்கேயத்திலிருந்து அக்கா போன் செய்தாள். ஒரு சாமியார் மச்சான் கண் முன்னாலேயே செம்புத் தகட்டை முதலில் வெள்ளியாக்கி, பிறகு தங்கமாக்கிக் காட்டினாராம். நிறையச் செய்ய விதைபோல முதலில் கொஞ்சம் தங்கம் போட வேண்டுமென்று அக்காவின் தாலிக்கொடியைக் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அதை வாங்க வருகிறாராம்.

"மாட்டேன்னா உம் மச்சான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாரு கண்ணு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

வெள்ளி, பிறகு தங்கம் என்றதுமே எனக்கு அந்த வித்தை விளங்கிவிட்டது. மச்சானை எதிர்த்து நான் ஒருநாளும் பேசியதில்லை. அன்று பேசியே தீர்வது என்று, செம்புத் தகடு, துத்தநாகத் தூள், காஸ்டிக் சோடாக் காரம், தங்கம் சோதிக்கும் திராவகப் புட்டி, உரைகல் எல்லாவற்றையும் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டு அடுப்பில் துத்தநாகத்தையும் காரத்தையும் தண்ணீரில் கொதிக்கவைத்துச் செம்புத் தகட்டைப் போட்டேன். வெளுத்தது. கழுவித் தீயில் காட்டினேன். மஞ்சளாக மின்னியது. வெறும் பித்தளைப் பூச்சு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட மாப்ள! இந்த வித்தைய வெச்சுக்கிட்டா இத்தன வருசம் பட்டறையில கெடந்தீங்க? இனிச் சாமியாரு எதுக்குங்க? அம்மணி, கொடியக் கழட்டு. மாப்ளகிட்டயே குடுத்துபோடலாம்!"

"நல்லா வந்து காப்பாத்துனே போ," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் நான் விடவில்லை. "பொறுங்க மச்சான். கழட்டவே வேண்டாங்க."

அக்காவைக் குனியச் சொல்லி, கழுத்தில் கிடந்த கொடியாலேயே உரைகல்லில் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் தகட்டால் ஒரு கோடு. இரண்டின் மேலும் திராவகம் விட்டேன். தகட்டின் கோடு பச்சையாய்க் கரைந்து போனது. கொடியின் கோடு அப்படியே இருந்தது.

மச்சான் கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்தக் காலத்து ரசவாதிக எல்லாம் பொய்யிங்களா?"

"இல்லீங்க மச்சான். தங்கம் பண்ணோணும்னு காச்சிக் காச்சிப் பாத்தவங்கதான் இந்தத் தெராவகத்தையே கண்டுபுடிச்சாங்களாம். தங்கம் வரலீங்க. எது தங்கம்னு சொல்றது வந்துச்சு."

மறுநாள் சாமியார் வந்தார். மச்சான் உரைகல்லை எடுத்து முன்னால் வைத்தார். அதைக் கண்டதும் சாமியார் காப்பி குடிக்காமலேயே கிளம்பிவிட்டார். நான் மத்தியான பஸ்ஸில் கோவை திரும்பினேன்.