வயர்லெஸ்ஸில் ஒரு ஜெபம்

சூடான எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்டதும் ஒரு இரைச்சல் எழுமே, அதே இரைச்சல், ஆனால் அடங்கவே அடங்காதது; எங்கள் வீட்டில் பொழுது விடிவது அந்த ஓசையில்தான். திரேஸ்புரத்தில், நாங்கள் "பட்டாசல்" என்று சொல்லும் முன்னறையில், மாதா சொரூபத்துக்கும் அலாரக் கடிகாரத்துக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த வயர்லெஸ் பெட்டியிலிருந்து அது வரும். திடீரென்று இரைச்சல் அறுந்து, உள்ளேயிருந்து ஒரு குரல், "ஏலே, இருக்கியா?" என்று கேட்கும். "கெடக்கேன், சொல்லு" என்று வேறொரு குரல். அவ்வளவுதான், மறுபடி எண்ணெய் காயத் தொடங்கிவிடும். பால்காரர், பேப்பர்காரர், பள்ளிக்கூட வேன் எல்லாம் அந்த இரைச்சலுக்கு மேலேதான் எங்கள் வாசலில் வந்து நின்றன.

அப்பா வல்லம், அதாவது இயந்திரம் பூட்டிய மீன்பிடிப் படகு, வைத்திருந்தார். பெரியப்பாவும் ஒன்று வைத்திருந்தார். இருவரும் "தங்கல்" போவார்கள். அதாவது கடலிலேயே சில நாள் கிடந்து மீன் பிடித்துத் திரும்புவது. எங்கள் மச்சு தெருவிலேயே உயரம் என்பதால் ஏரியல் எங்கள் வீட்டில் நின்றது; சொந்தக்காரர்களின் வல்லங்கள் எல்லாம் கரையோடு பேசுவது எங்கள் பட்டாசல் வழியாகத்தான். அந்தப் பெட்டிக்குப் பெரியம்மாதான் ராணி. ஒரு கையால் மீனைச் செதில் உரித்துக்கொண்டே மறு கையால் மைக்கை அழுத்தி, "உன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டுட்டு, மைக்க வை" என்பாள். மூன்று வல்லத்துக்கான சேதி இப்படி ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

அந்தப் பேச்சுக்குச் சட்டங்கள் உண்டு என்பது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் முன்னே தெரியும். ஒருவர் மைக்கை அழுத்திக்கொண்டிருக்கும் வரை வேறு யாரும் பேச முடியாது, ஆகையால் சுருக்கமாகப் பேச வேண்டும். கெட்ட வார்த்தையை யாரும் பொருட்படுத்தக் கூடாது, அது மூச்சுவிடும் இடம். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், "பாடு" பற்றியது. எவ்வளவு மீன் பட்டாலும், வல்லம் தண்ணீர் மட்டத்துக்கு அமுங்கி வந்தாலும், வயர்லெஸ்ஸில் "ஒண்ணும் இல்ல, வெறும் வலை" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்பது நம் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்து ஊர்க்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். "ஒண்ணும் இல்ல" என்பதை எப்படி இழுத்துச் சொல்கிறார்கள், சொன்ன பிறகு எத்தனை நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பெரியம்மா ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்புவாள். ஒருநாளும் தப்பியதில்லை.

அம்மா நாசரேத் பக்கத்துக்காரி, புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, கோயில் திருவிழாவில் அப்பாவைப் பார்த்து, வீட்டாரை எதிர்த்துக் கத்தோலிக்கக் கடற்கரைக்குள் கலியாணம் முடித்தவள். அவள் வளர்ந்த வீட்டில் பேச்சுக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்றும் இருந்தாக வேண்டும். கடைக்கு அனுப்பும் சீட்டில்கூட முழு வாக்கியம் எழுதுவாள். அவளுடைய ஜெபம்தான் உச்சம். அப்பா வீட்டுச் செபம் எல்லாருக்கும் மனப்பாடம். ஜெபமாலையை உருட்டினால் அது தானே ஓடும். அம்மாவோ தினமும் சாயங்காலம் விளக்குப் போட்டதும் கண்ணை மூடி, அன்றைய நாளைப் புதிதாகக் கடவுளிடம் எடுத்துச் சொல்வாள். நான் சிலேட்டுக் குச்சி தின்றது, கணக்கில் தேறியது, பொய் சொன்னபோது என் காது சிவந்தது எல்லாம் அதில் வரும். என்னை மடியில் வைத்துக் கொஞ்சுகிற பழக்கம் அவளுக்கில்லை. அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நான் அறிந்துகொண்டது அந்த ஜெபத்தில்தான். அப்பாவும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். கரையில் இருக்கிற நாட்களில் அவர் எங்கே போனாலும் ஜெபத்துக்குள் வீடு வந்துவிடுவார். "இவருடைய முழங்கால் வலியை இவர் என்னிடம் மறைக்கிறார் ஆண்டவரே" என்று அவள் சொன்னபோது, அப்பா அவசரமாகக் காலை மடக்கிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

மகள் பிரசவத்துக்கென்று பெரியம்மா மணப்பாட்டுக்குப் போன மாதம் மைக் அம்மா கைக்கு வந்தது.

முதல் நாள் அவள், "எல்லாருக்கும் வணக்கம். நான் டீச்சர் பேசுகிறேன். அங்கே அனைவரும் நலமா?" என்று கேட்டாள். பிறகு ரொசாரி சித்தப்பா, அப்பாவின் வல்லத்தில் வேலை செய்தவர், "உள்ளேன் டீச்சர்" என்றார். அதன்பின் ஒவ்வொரு வல்லமாக "உள்ளேன் டீச்சர்" வந்தது. அம்மாவும் சிரித்தாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தங்கலில் அப்பா தினமும் காலையில் "ஒண்ணும் இல்ல, வெறும் வலை" என்றார். அதுவரை பெட்டிப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத அம்மா அதை அப்படியே நம்பினாள். அவள் ஊரில் ஒருவர் இல்லை என்று சொன்னால் இல்லைதான். மூன்றாம் நாள் அதே வார்த்தை வந்ததும் அவள் கண்கள் நிறைந்தன. மைக்கை அழுத்தினாள், கண்ணை மூடினாள்.

"எங்கள் அன்பின் பரம தகப்பனே, இந்தக் காலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கியது. வெறும் வலையை இழுத்துக் களைத்த கைகளை நினைத்தருளச் சொன்னாள். பிறகு பெயர் பெயராக எடுத்தாள். பெரியப்பாவின் சர்க்கரை, பெரியப்பா வல்லத்து அந்தோணி அண்ணனுக்குத் தட்டிப்போகும் சம்பந்தங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, "தம்பி ரொசாரியை அந்தப் பழக்கத்திலிருந்து விடுவியும், அவன் மனைவி யாரிடமும் சொல்லாமல் அழுகிறாள்." நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். எனக்கு அது அழகாக இருந்தது. இன்றைக்கும் அப்படியே நினைக்கிறேன்.

அவள் "ஆமென்" சொல்லி விரலை எடுத்ததும் பெட்டி வெடித்தது. "ஆமென்" என்று எங்கெங்கிருந்தோ குரல்கள், முன்பின் தெரியாத குரல்கள்கூட. "டீச்சர், எனக்கும் பொண்ணு அமையணும்னு ஒரு வரி போட்டுவிடுங்க" என்று ஒருவன். "ஏலே ரொசாரி, பாட்டிலக் கடல்ல போட்டுட்டியா?" என்று இன்னொருவன். எல்லாம் ஓய்ந்த பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"மைக்க வையி."

அப்புறம்தான் நடந்தது தெரிந்தது. அவள் கண்ணை மூடியிருந்த அதே நேரத்தில் அப்பாவின் வல்லத்துக்குப் பக்கத்தில் சூரை மீன் கூட்டம் ஒன்று மேலே வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறது. ஒரு வல்லத்து வலை போதாது. கொஞ்சத் தொலைவில் நின்ற பெரியப்பாவைக் கூப்பிட அப்பா மைக்கை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். அம்மாவின் ஜெபத்தைத் தவிர எதுவும் போகவில்லை. கூட்டம் இறங்கிவிட்டது.

கரை வந்த அன்று ஏலக்கூடத்தில் அப்பாவைப் பார்த்தவர்கள் எல்லாம் கைகூப்பி, "அண்ணாச்சி, ஜெபக்கூட்டம் எப்ப?" என்றார்களாம். ரொசாரி சித்தப்பா எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா சோறு போட்டுவிட்டு நின்றாள்.

"ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் திகைப்புதான் இருந்தது. "ஒண்ணும் இல்லன்னு சொன்னா, ஒண்ணும் இல்லன்னா அர்த்தம்?"

"கடல்ல கெடக்கிறவங்களுக்கு ஜெபிக்கது தப்பா?"

"ஜெபி. யாரு வேண்டாம்னா? மனசுக்குள்ள ஜெபி. ஊருக்குக் கேக்க வேண்டாம் ஏளா, எனக்கு மானம் போவுது."

பெரியம்மா திரும்பி வந்த பிறகும் அம்மா பெட்டியருகேயே உட்கார்ந்தாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, மடியில் வேலை இருக்கிற பாவனையில், கேட்டாள். எந்த இடத்தில் ஏச வேண்டும், எந்த இடத்தில் பேசாமல் இருப்பதே பதில், ஒருவன் பெயரைச் சொல்லாமல் அவனைப் பற்றி எப்படிச் சொல்வது எல்லாவற்றையும், ஒரு நல்ல மாணவி படிப்பது போலப் படித்தாள். ஒருநாள் பெரியம்மா அடுப்படியில் இருந்தபோது வெளியூர் வல்லக்காரர் ஒருவர் லைனில் வந்தார். டீச்சருக்குப் பொய் வராது என்ற தைரியத்தில், "டீச்சர், உங்க ஆளுக எங்கன நிக்காவ? பாடு உண்டா?" என்று கேட்டார். எங்கள் இரண்டு வல்லமும் அன்று வழிய வழியச் சீலா மீன் ஏற்றிக்கொண்டிருந்தன. அம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னத்தப் பாடு அண்ணாச்சி, வெறும் தண்ணியில கெடக்காவ" என்றாள்.

சாயங்காலம் பெரியப்பா ஒரு முழுச் சீலாவை அவரே தூக்கி வந்து முற்றத்தில் போட்டார். "டீச்சர் இப்பதான் நம்ம ஆளு" என்றார். ரொசாரி சித்தப்பாவும் அன்றுதான் மறுபடி வீட்டுக்குள் வந்து காபி குடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சிரித்தபடி மீனை அறுத்தாள். அன்றைய ஜெபத்தில் அந்தப் பொய்யைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜெபமே சிறியதாக இருந்தது. அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் சிறுத்தது. ஒரு கட்டத்தில் அப்பா வீட்டு ஜெபமாலையே போதும் என்றாகிவிட்டது. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சமையலும் பள்ளிக்கூடமும் வயர்லெஸ்ஸுமாக அவளுக்கு நேரமில்லை என்று எல்லாரும் நினைத்தோம்.

பிறகு ஒரு ஆனி மாதம், "கச்சான்" என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று விடாமல் அடித்த நாளில், பட்டப்பகலில், அப்பாவின் வல்லத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. பெரியப்பா வல்லத்தைத் திருப்பி அவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். நடுவில் நின்று சேதி மாற்றிக்கொண்டிருந்தது அம்மா. தெருவே எங்கள் பட்டாசலில் நின்றது. "தண்ணி இறைச்சுக்கிட்டே இரு. அண்ணன் வாராவ. கயிற எடுத்து வை." அப்பாவை "நீங்க" என்கிறவள் வயர்லெஸ்ஸில் அப்படித்தான் பேசினாள்; குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பெரியம்மாவே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவளை வியந்து பார்த்தாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து அப்பா சொன்னார், "ஏளா. அன்னைக்கு மைக்குல சொன்னியே. அது மாதிரி ஒண்ணு சொல்லேன்."

ஒரு வல்லம்கூடக் குறுக்கே பேசவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. கடலில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவளுக்காக லைனை விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா மைக்கை அழுத்தினாள். உதடு அசைந்தது. பெட்டியில் இரைச்சல் நின்று, அவள் மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு, "கயிற எடுத்து வச்சாச்சா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "ஆச்சு" என்றார்.

பெரியப்பா கட்டி இழுத்து வந்து சேர்த்தார். அப்பா நனைந்த துணியோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா துவாலை கொடுத்தாள்.

கல்லூரியில் மொழியியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதற்கே உரிய பேச்சும் எழுத்தும் உண்டு, அதற்கு இலக்கணத்தைவிடக் கண்டிப்பான வகைகள் உண்டு, கூட்டத்துக்குள் சேர்வது என்பது அந்த வகைகளைப் பழகுவதுதான் என்று படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் வகை பிரித்தேன். சுவரொட்டிகளில் செத்தவர்களுக்குப் பேசும் தமிழ், துறைமுக லாரி புக்கிங்கில் செல்போனை இரண்டு காதிலும் வைத்துப் பேசும் தமிழ், உப்பளத்துக் கங்காணி பேசும் தமிழ், கோயில் அறிவிப்புத் தமிழ். என் அம்மா இதில் எத்தனை பெரிய வெற்றி என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இங்க உள்ளவங்களுக்கும் எங்க வீட்டுப் பேச்சு வந்திச்சா?" என்றாள். பாடத்தில் அதற்குப் பதில் தேடினேன். சேர வந்தவர்கள் பழகுவதைப் பற்றியே பக்கம் பக்கமாக இருந்தது.

இப்போது வயர்லெஸ் பெட்டியும் இல்லை, ஏரியலும் இல்லை. எல்லார் கையிலும் செல்போன். வல்லத்தை விற்றுவிட்டு அப்பா கரையில் இருக்கிறார். ஒருவர் பேசினால் ஊரே பேசாமல் இருந்து கேட்டாக வேண்டும் என்ற அந்த ஏற்பாடு போய்விட்டது. யாருக்கும் யாரும் குறுக்கே இல்லை. யார் சொல்வதையும் முழுதாகக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

போன மாதம் நாசரேத்தில் மாமா மகளுக்கு நிச்சயம். பல வருடம் பேசாமல் இருந்த வீடு, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றதும் மாமா, "அக்கா, நீ ஒரு ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வை. சின்ன வயசுல நீ ஜெபிச்சா சோறு ஆறிப் போவும்லா" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்கள். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள்.

"ஆண்டவரே, பிள்ளைகள ஆசீர்வதியும். ஆமென்."

மற்றவர்கள் "ஆமென்" சொல்லக் கொஞ்சம் பிந்தியது. "என்னக்கா, பேச்சை எல்லாம் கடல்ல கொட்டிட்டியா?" என்றார் மாமா. மறுபடி சிரிப்பு, நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ பந்திக்கு இலை போடச் சொன்னார்கள். அப்பா மட்டும் சுவரோரம் கைகட்டி, தலை குனிந்து, கண்ணைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஜெபம் இன்னும் வரும் என்று அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

அம்மா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"முடிஞ்சிட்டுங்க" என்றாள்.