சிவகிரிப் பந்தியில் சுட்ட கை

பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாதவன் நான். நம்பாமல் இருப்பதுதான் என் பிழைப்பே. சங்கரன்கோவிலில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். வீட்டில் விளக்கு தானாக அணைகிறது, தானாக எரிகிறது என்று யாராவது பயந்துபோய் வந்தால், ஹோல்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, லூஸ் கனெக்‌ஷனைக் காட்டி அனுப்புகிற ஆள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

என் மனைவி செல்வி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். துபாயில் இருக்கும் அவள் தம்பி போன தடவை ஊருக்கு வந்தபோது, கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் ஒன்றைக் கொண்டுவந்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாருக்குடா இது என்றேன். அக்காவுக்குத்தான் என்றான். ஒரு வாரத்தில் அவளுக்கு அதில் கார் ரேஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு ஜாக்கெட் முடித்தால் ஒரு ரேஸ். வளைவு வந்தால் காரோடு சேர்ந்து உடம்பையும் வளைப்பாள், நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும், காரை எங்காவது மோதிவிட்டால் என்னைத் திட்டுவாள். நான் எதிரே உட்கார்ந்து கேமைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்களுக்குள் ஒரே சண்டை சார்ஜ்தான். கூட வந்த சார்ஜர் கெட்டுப்போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் பேர் தெரியாத ஒன்றை வாங்கி மாட்டியிருந்தாள். சார்ஜில் போட்டபடியே ஆடுவாள், பின்பக்கம் தோசைக்கல்லாகக் காயும். ஒருநாள் அதைத் தடவிப் பார்த்தபோது முதுகு லேசாகப் புடைத்திருந்தது.

"செல்வி, பேட்டரி ஊதியிருக்கு. இனி இத சார்ஜ்ல போடாத. மெத்தை மேல வைக்கவே கூடாது, பாத்துக்க."

"கடைக்கு வாரவங்ககிட்டப் பேசுத மாதிரியே எங்கிட்டயும் பேசுதியளே" என்று சிரித்தாள்.

வேறு பேட்டரி மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்றவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகிரியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். மத்தியானம் பந்தியில் நானும் செல்வியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இலையில் உப்பும் ஒரு கூட்டும்தான் வைத்திருந்தார்கள், சோறுகூட விழவில்லை. திடீரென்று செல்வி "ஆ" என்றாள். மடியில் சும்மா கிடந்த இடது கையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை சிவந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், என் கண் முன்னாலேயே குறுக்கே ஒரு கோடு எழும்பி, ஓரத்தில் மூலை மாதிரி மடங்கி, அப்பளம் பொரிவதுபோலக் கொப்புளமாக உப்பியது. பக்கத்தில் சூடான பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

என் தங்கை ஓடிவந்து ஒரு குண்டான் தண்ணீரில் அவள் கையை முக்கினாள். "மதினி, எதத் தொட்டிய?" என்று கேட்டாள். செல்வி அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, கேம சார்ஜ்ல போட்டிருந்தேன். காலையில கரண்டு இல்லல்லா, சுவிட்ச அணைக்க மறந்துட்டேன்."

"எங்கன வச்ச?"

"மெத்தை மேல. தைக்கிற துணியெல்லாம் அதுமேலதான் கிடக்கு."

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டு மீட்டர் பெட்டி வெளிச்சுவரில்தான் இருக்கிறது. "அக்கா, உடனே போயி எங்க வீட்டு மெயின ஆஃப் பண்ணுங்க. புகை எதுவும் வருதான்னு பாருங்க" என்றேன். போனைக் காதில் வைத்தபடியே போய் மெயினை அணைத்தார்.

"புகை ஒண்ணும் காணோம். லேசா கருகுன வாடதான் வருது. ஏன் தம்பி, இத செல்விகிட்டச் சொல்ல வேண்டியதுதான? இப்பதான புறவாசக் கதவத் திறந்து என்னத்தையோ போட்டா, சத்தம் கேட்டுதே."

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். செல்வி எனக்கு ஒரு கை தூரத்தில் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

தங்கை வீட்டுக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம். வழி நெடுக அவள் சுட்ட கையை என் தோள்மேல் மல்லாக்க வைத்து, முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நாங்கள் போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் கருகிய நாற்றம். கட்டில் மெத்தையில் கையகலத்துக்குக் கறுப்பாக ஒரு குழி, அதற்குமேல் பரவாமல் அணைந்திருந்தது. துணியெல்லாம் நாற்காலிக்கு வந்திருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. கேமும் இல்லை, சார்ஜரும் இல்லை. புறவாசல் கதவில் உள்பக்கக் கொண்டி இறுக்கமாகப் போட்டிருந்தது. அதை நான்தான் என் கையால் நீக்கினேன். வெளியே வெறும் சிமெண்ட் தரையின் நடுவில், வயிறு பிளந்து உருகிப்போய், வால் மாதிரி ஒயரோடு கிடந்தது அந்தக் கேம். யாராவது சுவர் ஏறி உள்ளே வந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே போன ஆள் உள்பக்கக் கொண்டியை எப்படிப் போட முடியும்?

கிளினிக்கில் டாக்டர், சூடான எதையோ கெட்டியாகப் பிடித்திருக்கிறாய் அம்மா என்றார். தோசைக்கல் என்று சொல்லிவிட்டோம்.

புண் ஆறிவிட்டது. புது மெத்தை வந்தது. கேமைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள் தைத்துக்கொண்டே, வெந்தயம் வாங்க வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னைக்குப் பந்தியில ஒரு நிமிசம் நான் இங்கன நிக்குத மாதிரி இருந்துச்சு. நீங்க கட்டில்ல படுத்திருந்திய. எழுப்பி எழுப்பிப் பாத்தேன், எழும்பவே இல்ல. அதான் அத மட்டும் தூக்கி வெளிய போட்டேன்."

"நான் உன் பக்கத்துலல்லா இலையில உக்காந்திருந்தேன்."

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று காலை நான் காதுகுத்துக்கு வருவதாகவே இல்லை. தூக்கம் வருது, நீ மட்டும் போ என்று அதே கட்டிலில் சாய்ந்துவிட்டேன். அவள்தான் சட்டையை எடுத்து முகத்தில் எறிந்து என்னைக் கிளப்பினாள்.

இப்போதும் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் வந்து தோளைப் பிடித்து உலுக்குகிறாள். கண்ணைத் திறந்து, என்ன செல்வி என்று கேட்பேன். கேட்ட பிறகும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை உலுக்குகிறாள்.