அம்மாவைத் தூக்கிய கை

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அதனால் தில்லை நகர் ஜிம்மில் என் இடது கை டம்பெல்லைத் தூக்கியபோது நான் அதை நம்பவில்லை.

சில வருடங்களுக்கு முன் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து அந்த முழங்கை உடைந்தது. உள்ளே பிளேட் இருக்கிறது. கை முழுசாக நீளாது. பாரம் பிடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். காய்கறிப் பையோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, ஸ்ரீரங்கத்து வீட்டில் நான் ஒருத்திதான். ஒருநாள் கை விட்டுவிட்டது. அம்மா என்மேல் சரிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றான்.

இன்னொரு தடவை இப்படி ஆனால் அம்மாவை எடமலைப்பட்டி புதூருக்குத் தன் வீட்டோடு கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னான். அவனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க முகம் தெரியாத ஆளோடு இருக்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அக்கறையில்தான் சொல்கிறான் என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு அந்த அக்கறைமேலும் சந்தேகம்தான்.

காலையில் அம்மா தூங்கும் நேரத்தில் ஜிம்முக்குப் போய் வந்தேன். அங்கே ட்ரெயினர் பெண் என் முழங்கைக்குக் கீழே எப்போதும் இரண்டு விரலை வைத்திருப்பாள். தூக்குவது நானா அவளா? தொடவே இல்லைங்கக்கா என்று சிரித்தாள். அடுத்த மாதமும் நான் சேர வேண்டுமே, சிரிக்கத்தான் செய்வாள். வாசலருகே போய் நிற்கச் சொன்னேன். டம்பெல் மேலே வந்தது. அதில் எழுதியிருந்த எடை சரிதானா என்று மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பரிசோதிக்கவே வந்தான். கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அலுங்காமல் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் காபி குடித்துவிட்டு, இனி கூட்டிப் போகும் பேச்சே இல்லை என்று சொல்லிக் கிளம்பினான்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா கனக்கவே இல்லையே. இளைக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீயா எம்பினியாம்மா?"

"பின்ன? உன் கையை நம்பி உக்காந்திருந்தா இந்நேரம் என்னை வண்டியில ஏத்தியிருப்பான். நீ ஜிம்முக்குப் போனதும் கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டு தெனம் எந்திரிச்சுப் பழகுனேன்."

ஒற்றைக் காலில், யாருமில்லாத வீட்டில். விழுந்திருந்தால் குரல் கொடுத்தாலும் கேட்க ஆளில்லை. நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.