கண்டும் விட்ட பிழை

முத்துமாரியம்மாள் தமிழில் பி.ஏ. முடித்தவள். சங்கரன்கோவிலில் சங்கரசுப்பு அண்ணாச்சியின் தையல் மெஷின் கடையில் கடிதம் எழுதுவதும் டைப் அடிப்பதும் அவள் வேலை. அதே கடையில், மெஷின் வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறவள் ஷம்சாத் பேகம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள், நாலு வயது இளையவள்.

1979இல் மெஷின் கம்பெனி, இங்கிலீஷில் இருந்த உபயோகக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கேட்டது.

"ரெண்டு பேரும் எழுதுங்க. எது நல்லாருக்கோ அதை அனுப்புவோம்" என்றார் அண்ணாச்சி.

முத்துமாரி அகராதியை விரித்து மூன்று நாள் எழுதினாள். 'ஊசியின் தட்டையான பாகம் வலப்பாகம் நோக்கி அமையுமாறு பொருத்தப்படுதல் வேண்டும்.' ஷம்சாத் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். 'ஊசிக்கு ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. தட்டைப் பக்கம் உங்கள் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்.'

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மெஷின் வாங்க வந்த இசக்கித்தாயிடம் அண்ணாச்சி இரண்டையும் கொடுத்தார். ஐந்தாவது வரை படித்தவள். முத்துமாரியின் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "படிக்க நல்லாத்தான் இருக்கு. என்ன செய்யணும்னுதான் வெளங்கலை." ஷம்சாத்தின் தாளைப் பார்த்து ஊசி மாட்டி, நூல் கோத்து, ஒரு முழம் தைத்தும் விட்டாள்.

கம்பெனியிலிருந்து வந்த பதிலைப் பிரித்து வாசிக்க வேண்டியவளும் முத்துமாரிதான். "குறிப்பின் எழுத்தாளர் ஷம்சாத் பேகம் அவர்களுக்கு..."

"எழுத்தாளர்னா நானாக்கா?" ஷம்சாத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முத்துமாரி கடிதத்தை மடித்து ஃபைலில் போட்டாள். அன்றைக்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள்.

கம்பெனி சொன்னபடி குறிப்பை ஊரிலேயே அச்சுக்குக் கொடுத்தார்கள். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. திருத்துவது அவள் பொறுப்பு. ஒற்று விட்ட இடமெல்லாம் திருத்திக்கொண்டே வந்தவள், 'இடது கைப் பக்கம்' என்று அச்சாகியிருந்த இடத்தில் நின்றாள். சிவப்பு மையைத் தொட்டாள். பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

ஆயிரம் பிரதி அடித்து வந்தது. பத்து நாளில் மெஷின் வாங்கினவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நூல் அறுகிறது, தையல் விழவில்லை என்றார்கள். தான்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று ஷம்சாத் கண் வீங்க அழுதாள். மிச்சமிருந்த பிரதிகளில் ஒட்ட 'வலது' என்று துண்டுச் சீட்டு அடித்து வாங்கினார்கள். இருவரும் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்கள். நூறு ஒட்டுவதற்குள் முத்துமாரிக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி, நீ சரியாத்தான் எழுதியிருந்த. அச்சுல மாறியிருந்துச்சு. நான் பாத்துட்டேதான் விட்டேன்."

ஷம்சாத் கையிலிருந்த சீட்டை ஒட்டி முடித்தாள். "இனிமே புரூஃப நானே பாத்துக்கிடுதேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அதன்பிறகு முத்துமாரியோடு அவள் சேர்ந்து சாப்பிட்டதும் இல்லை.

1982இல் கம்பெனி ஷம்சாத்தை மெட்ராஸ் ஆபீசுக்கே குறிப்பு எழுதக் கூப்பிட்டுக்கொண்டது. போகிற அன்று அண்ணாச்சி, "இங்கன இனி யாரு எழுத?" என்று கேட்டார். "அக்கா எழுதுவாங்க" என்றாள் அவள், முத்துமாரியின் முகத்தைப் பார்க்காமலே.

முத்துமாரி எழுதினாள். ஸ்டவ், மிக்ஸி, மருந்து தெளிக்கிற மெஷின் என்று பல கம்பெனிகளுக்குப் பத்து வருஷத்துக்குமேல் அதுவே அவள் பிழைப்பாயிற்று. அகராதியைத் தொடுவதில்லை. எழுதியதை யாரையாவது வாசிக்கச் சொல்லி, அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் அனுப்புவாள். நல்ல பெயரும் கிடைத்தது. ஆனாலும் மெட்ராஸிலிருந்து கடைக்கு ஷம்சாத்தின் புதுக் குறிப்பு வரும்போதெல்லாம், வேறு யார் கையும் படுமுன் தானே பிரித்து, ஒரு பிழையாவது அகப்படாதா என்று வரி வரியாகத் தேடுவாள்.