சாய்ந்த அன்னம்

மழையில் நனைந்த ஸ்வெட்டரை இன்று கழற்றியபோது எழுந்த ஈரக் கம்பளி வாசனை, நிக்டியில் நான் இப்போது இருக்கும் வீட்டிலிருந்து என்னை நேரே சின்ன வயதின் தாபோடி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனது. அங்கே இப்போது அடுக்குமாடிதான் நிற்கிறது. அன்றைக்கு எங்கள் ஓட்டு வீடும், அதன் ஜன்னலோரத்தில் மதியமெல்லாம் சல்லடைபோல் துளையிட்ட கான்வாஸ் துணியில் உல்லன் நூலால் அன்னம் தைத்துக்கொண்டிருக்கும் அம்மாவும், ஒவ்வொரு துளையிலும் ஊசி இறங்கும்போது கேட்கும் மெல்லிய 'டப்' சத்தமும் இருந்தன.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி வந்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒரு முடிச்சுகூட இருக்காது. ஆனால் அப்பா பேசாமலே ஷிப்டுக்குக் கிளம்பிப்போன நாட்களில் தைத்த வரிசைகள் மட்டும் இறுகிக் கிடக்கும்.

"நூலை இழுக்காதடி, சும்மா படுக்க வை. துணி கோணிடும்."

"தெரியுதுக்கா. கைதான் கேக்க மாட்டேங்குது."

அப்பா பேசாத நாட்கள் கூடக் கூட, சதுரத் துணி ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. தைத்து முடித்ததும் அம்மா அதை நனைத்துப் பலகையில் விரிக்க, நான் மூலையை இழுத்துப் பிடிக்க, சுற்றிலும் ஆணியடித்துக் காயவைத்தாள். அன்னம் நிமிர்ந்தது, அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சாய்ந்தது. மறுபடி நனைத்தோம். எட்டு வயதுக் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்தேன்.

அம்மா இறந்த பிறகு, கடையில் கொடுத்து நிமிர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். இன்று ஸ்வெட்டரை உலர்த்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளேயே அன்னம் மறுபடி சாய்ந்திருக்கிறது, பிடித்து இழுக்க ஒரு மூலைகூட வெளியே இல்லை.