கோத்தது: அம்புரோஸ்

ராயபுரத்தில் வேதமாணிக்கத்தின் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்துக்கொண்டிருந்த அம்புரோசுக்கு ஒரு கொள்கை உண்டு. கோப்பதைப் படிக்கக் கூடாது. காலையில் ஒரு கட்சியின் நோட்டீசு, மத்தியானம் அதே கட்சியைக் கிழிகிழியென்று கிழிக்கும் எதிர்க்கட்சி நோட்டீசு, இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ. "கை படிக்குது. தலை இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்பார். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கொள்கை அவருக்குச் சோறு போட்டது.

1976 ஜனவரி கடைசியில் மாநில ஆட்சியைக் கலைத்தார்கள். நெருக்கடி நிலை ஏழு மாதம் முன்பே வந்திருந்தாலும் ராயபுரத்துக்கு அது வந்து சேர்ந்தது அப்போதுதான். அச்சகத்தில் அடிக்கும் தொழிலாளர் வாரப் பத்திரிகையின் புரூஃபை அம்புரோஸ் வாராவாரம் பஸ்ஸில் எடுத்துப்போய்த் தணிக்கை அதிகாரியிடம் காட்ட வேண்டும். அதிகாரி சிவப்புப் பென்சிலால் அடிப்பார், மிச்சத்துக்கு முத்திரை குத்துவார். அடித்த இடத்தை வெற்றாக விடவும் கூடாது. விட்டால் அங்கே ஏதோ இருந்தது என்று படிப்பவனுக்குத் தெரிந்துவிடுமாம். அந்த ஓட்டைகளை அம்புரோஸ் ரயில் நேரம், ரசம் வைக்கும் முறை என்று கைக்கு வந்ததைப் போட்டு அடைத்தார். சர்க்கார் புண்ணியத்தில் துறைமுகத் தொழிலாளிகள் ஆறு வகை ரசம் கற்றுக்கொண்டார்கள். அதுவும் அவரை உறுத்தவில்லை.

ஜூன் மாதம் லூயிஸ் செத்தார். அம்புரோசின் தெருக்காரர், எண்ணூரில் ஒரு ஆலையில் வேலை பார்த்தவர். வேலை நேரத்தில் சாம்பல் தொட்டியின் சுவர் இடிந்து மேலே விழுந்தது. சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று தொழிலாளர்கள் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதெல்லாம் பத்திரிகைச் செய்தியில் இருந்தது, அம்புரோஸ் கோத்தார். அதிகாரி குறுக்கே ஒரே கோடாக இழுத்துவிட்டு, மேலிடத்திலிருந்து வந்த துண்டுக் காகிதம் ஒன்றை நீட்டினார்.

"இதப் போடுங்க."

குடிபோதையில் உப்பங்கழியில் தவறி விழுந்து தொழிலாளி லூயிஸ் மரணம் என்று அதில் இருந்தது. அம்புரோஸ் திரும்பி வந்து அதையும் கோத்தார். அடிபட்ட செய்தியின் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடுவதுதான் வழக்கம். அன்று மட்டும் பிரிக்காமல், நூலால் கட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அவர்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு. செப்டம்பரில் மாதா திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குகிறவன் குடியைத் தொடக் கூடாது. வீட்டுக்கு ஒரு தோள். அப்பனுக்குப் பின் மகன், அண்ணனுக்குப் பின் தம்பி. லூயிஸ் பதினோரு வருஷம் தூக்கியவர். அதே தண்டில் அவருக்கு நேர் பின்னால் அம்புரோஸ். அத்தனை வருஷம் ஒரு மனுஷனின் பிடரியைப் பார்த்து நடந்தவருக்கு அவன் குடிப்பானா மாட்டானா என்று தெரியாதா? ஆனால் பத்திரிகை வந்த நாலாம் நாள் தெருவார் கூடி, குடித்துச் செத்தவன் வீட்டுக்கு இனித் தோள் கிடையாது என்று தீர்த்துவிட்டார்கள். அச்சில் வந்ததை யார் மறுப்பது? லூயிசின் தம்பி இக்னேஷியஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனான். அம்புரோசும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்.

மறுநாள் லூயிசின் மனைவி ரோசி பத்திரிகையோடு அச்சகத்துக்கு வந்தாள்.

"அண்ணாத்தே, இத்த நீயா கோத்தே?"

"நான்தாம்மா."

"எங்க வூட்டுக்காரரு ஒரு சொட்டு தொட்டதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் கோத்தியா?"

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. பத்திரிகையை அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அம்புரோசுக்கு வெட்கமாக இருந்தது. படிக்காமல் கோத்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார், மனசு ஒப்பவில்லை. துண்டுக் காகிதத்தில் லூயிஸ் என்ற பேரைப் பார்த்ததுமே அவர் முழுசும் படித்திருந்தார்.

முப்பதாம் நாள் பூசைக்கு இறந்தவர் பேரில் நினைவு அட்டை கொடுப்பது வழக்கம். அட்டையைத் தானே அடித்துத் தருவதாக ரோசிக்குச் சொல்லியனுப்பினார். வேதமாணிக்கத்துக்குப் பயம்.

"பேரு, தேதி, ஒரு ஜெபம். அதுக்கு மேல ஒரு எழுத்து வாணாம்பா. நான் புள்ளகுட்டிக்காரன்."

அம்புரோஸ் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதலாளி வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து மேசைக்கு அடியில் கிடந்த எழுத்துக்கட்டை எடுத்து நூலை அவிழ்த்தார். பத்திரிகை என்பது இரண்டாம் நாள் காசிமேட்டில் மீன் கட்டப் போய்விடுகிற சரக்கு. நினைவு அட்டையை யாரும் எறிய மாட்டார்கள். ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தால், வைத்தவர் சாகும்வரை அங்கேயே இருக்கும்.

ஜெபத்துக்குக் கீழே வரிகள் உட்கார்ந்தன: எண்ணூர் ஆலையில், வேலை நேரத்தில், மூன்று முறை புகார் கொடுத்தும் சீர் செய்யாத சுவர் இடிந்து விழுந்து இறந்தார். எந்த அச்சானாலும் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். போட்டால் வேதமாணிக்கத்தின் குடும்பம் தெருவுக்கு வரும். அந்த இடத்தில் 'கோத்தது: அம்புரோஸ்' என்று போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தன் பேரைக் கோத்தது அதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து வாசலில் ரோசி இருநூறு அட்டை கொடுத்தாள். வாங்கியவர்கள் நின்ற இடத்திலேயே படித்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் அச்சகத்துக்கு வந்து மிஞ்சியிருந்த அட்டைகளை அள்ளினார். வீடு வீடாகப் போய்ப் பெண்களின் ஜெபப்புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், போகவில்லை. ஒரு அட்டையை அம்புரோசின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத நீயா கோத்தே?"

"நான்தான் சார். படிச்சிகினேதான் கோத்தேன்."

முதலாளிக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் தெருவார் மறுபடி கூடினார்கள். இக்னேஷியசைக் கூப்பிட்டு அண்ணன் தோளைக் கொடுத்தார்கள். அம்புரோஸ் அப்போது மத்திய சிறையில் இருந்தார். அவருக்கு மகனும் இல்லை, தம்பியும் இல்லை. அவர் இடத்துக்கு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, "அது அம்புரோஸ் அண்ணாத்தே எடம். அப்பிடியே கெடக்கட்டும்" என்றான் இக்னேஷியஸ். அந்த வருஷம் மாதாவின் சப்பரம் பின்பக்கம் ஒரு தோள் குறைந்து, சற்றுத் தாழ்ந்தபடியே ராயபுரத்தைச் சுற்றி வந்தது.