மிளகாய் வறுத்த நாளும் தலைவியின் யன்னலும்

1. யன்னலைத் தொடாதே

கட்டடமே தும்மிய அந்த நாளை நினைத்தால் இன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வரும். அன்றைக்கு வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில், புருசெத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான் வக்த்மெஸ்டர். குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிர்வாகசபைத் தலைவி பெரித், கூரைக்குக் கீழே புது வென்டிலேஷன் மெஷின் பூட்டுவித்திருந்தார். வெளியே போகும் காற்றின் சூட்டை ஒரு பெரிய சக்கரம் பிடித்து, உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுக்கும். மின்சாரம் மிச்சம், சூழலுக்கும் நல்லது. ஒரே நிபந்தனை, யன்னலைத் திறக்கக் கூடாது.

பெரித் நோர்வேஜிய மொழியில் சொன்னதை எங்கள் தமிழில் சொல்கிறேன். "உங்கட ஆக்கள் இந்தக் குளிருக்கையும் யன்னலைத் திறந்துபோட்டுச் சமைக்கினம். நீர் அதை நிப்பாட்டினால் வேலை நிரந்தரம்."

விடுவேனா? தமிழ் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். "மணத்தையெல்லாம் மெஷின் இழுத்துப்போடும், யன்னலைத் தொடாதேங்கோ" என்றேன். மூன்றாம் மாடி ராணி அக்கா மட்டும் சந்தேகத்தோடு கேட்டார்.

"எல்லாத்தையும் இழுக்குமோ தம்பி?"

"ஓம் அக்கா, எல்லாத்தையும்."

2. விருந்தாளிகள்

மெஷினைப் பார்க்க நகரசபையிலிருந்து சில அதிகாரிகள் வந்தார்கள். பெரித் படிக்கட்டில் நின்று, "இஞ்சை ஒண்டும் வீணாப் போறேல்லை" என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு நெட்டை அதிகாரி தும்மினார். பிறகு பெரித் தும்மினார். ஐந்தாம் மாடிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்து வந்தார். அந்தக் காரம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஐயோ, செத்தல் மிளகாய்!

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். ராணி அக்கா கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றார். யன்னல் இறுக்கிப் பூட்டியிருந்தது.

"அக்கா, இண்டைக்கே வறுக்க வேணும்?"

"நீதானே எல்லாத்தையும் இழுக்கும் எண்டு சொன்னனீ? எனக்கு ஒரு தும்மலும் இல்லை, அருமையான மெஷின்!"

அவருக்கு இல்லைத்தான். இழுத்த காரத்தைச் சக்கரம் சூட்டோடு சேர்த்து மற்ற வீடுகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தது. அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். அதற்குள் எல்லோரும் முற்றத்துப் பனியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் சொன்னது சரி, ஒண்டும் வீணாப் போகேல்லை" என்றார் நெட்டையர், கண்ணீரைத் துடைத்தபடி.

பெரித்துக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் இழுத்து, "ஆர்ரை வீடு?" என்றார். சொன்னால் அக்காவுக்குப் பிரச்சினை, சொல்லாவிட்டால் எனக்கு.

அந்த நேரம் பார்த்து நெட்டையர் மேலே கையைக் காட்டினார். "அந்த யன்னல் ஏன் திறந்து கிடக்குது? ஆர்ரை வீடு?"

அண்ணாந்து பார்த்தேன். தமிழ் வீடுகள் எல்லாம் கப்சிப்பென்று பூட்டிக் கிடந்தன. நோர்வேக்காரர் பலருக்குப் பனியிலும் படுக்கையறை யன்னல் திறந்திருந்தால்தான் நித்திரை வரும். திரைச்சீலை பறக்க, அகலத் திறந்து கிடந்தது பெரித்தின் படுக்கையறை யன்னல்!

பெரித் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் எந்தத் தலைவியும் என்னை அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

"அது பூட்டுப் பழுது. நாளைக்குத் திருத்துறன்" என்றேன்.

மிளகாய் வறுத்தது யார் என்று பெரித் பிறகு கேட்கவேயில்லை. வேலை நிரந்தரமானது. அடுத்த வசந்தத்தில் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கிய நாளில், ராணி அக்கா வெளியே கிரில் அடுப்பில் மிளகாய் வறுத்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடுப்பை வைத்தவர் பெரித்.

இந்த வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வீட்டு யன்னலைப் பூட்டச் சொல்வதற்கு முதல், அந்த வீட்டு அடுப்பில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். சொல்லச் சொன்னவரின் யன்னலையும் ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள். பார்த்ததை உடனே சொல்லிவிடாதீர்கள், உதவும்.